0.8 விநாடிக்காகப் போன வேலை

1796ஆம் வருஷத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் ஓர் உதவியாளருக்கு வேலை போனது. பெயர் டேவிட் கின்னிப்ரூக். வயது இருபத்து மூன்று, நாலு இருக்கும். ஆள் எதையும் திருடவில்லை, கணக்கில் கள்ளம் செய்யவில்லை. ஒரு நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தன் மேலதிகாரியைவிட 0.8 விநாடி தாமதமாகக் குறித்தார். அவ்வளவுதான்.

மேலதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. நெவில் மாஸ்கலின். 1765 முதல் அரசு வானியலாளர். மாலுமிகள் நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட உதவிய நாட்டிகல் அல்மனாக் என்ற பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தவர். கின்னிப்ரூக்கை அவர் கோபத்தில் விரட்டியதாகவும் சொல்ல முடியாது. மற்ற விஷயங்களில் நல்ல உழைப்பாளி, மனசில்லாமல்தான் அனுப்பினேன் என்ற பொருளில் வானாய்வகப் பதிவேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். 1795 ஆகஸ்ட்டில் அரை விநாடி வித்தியாசம் தெரிந்தது, சொல்லிப் பார்த்தேன், திருந்தவில்லை, ஜனவரிக்குள் அது 0.8 ஆகிவிட்டது, இனியும் சரியாகும் என்று தோன்றவில்லை. இதுதான் அவர் பக்க நியாயம்.

மனிதனின் புலன்களையும் கவனத்தையும் சின்னச் சின்னச் சோதனைகளால் அளந்த கதையைப் படிக்க உட்கார்ந்தால், பல புத்தகங்கள் இந்த உதவியாளரிடம்தான் கொண்டுபோய் விடுகின்றன. எனக்கு இந்தக் கதையில் பிடிபட்ட கேள்வி ஒன்றுதான். ஒருத்தர் ஒன்றைத் தவறவிட்டால் அது அவருடைய அலட்சியமா, இல்லை மனுஷனாகப் பிறந்த எல்லோருக்கும் உள்ள எல்லையா? இருநூறு வருஷச் சோதனைகளை இந்த ஒரு கேள்வியில் கோத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கண்ணும் காதும்

முதலில் அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். தொலைநோக்கிக்குள் மெல்லிய கம்பிகள் செங்குத்தாகக் கட்டப்பட்டிருக்கும். பூமி சுழல்வதால் நட்சத்திரம் அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கடந்து போகும். பக்கத்தில் ஊசல் கடிகாரம் விநாடிக்கு ஒரு தரம் 'டக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, காதால் 'டக்'குகளை எண்ணவேண்டும். கம்பிக்கு முந்தைய அடியில் நட்சத்திரம் எங்கே இருந்தது, அடுத்த அடியில் எங்கே இருந்தது என்று மனதில் பிடித்துவைத்து, இடையில் கம்பியைக் கடந்த நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்குவரை மதிப்பிட வேண்டும். இதற்குக் 'கண்-காது முறை' என்று பெயர். நன்றாகப் பழகியவர்கள் 0.1, 0.2 விநாடிக்குள் சொல்லிவிடலாம் என்பது அக்கால நம்பிக்கை.

0.8 விநாடியில் என்ன குடிமுழுகிப் போச்சு என்று கேட்கலாம். வானம் ஒரு விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. அப்படியானால் 0.8 விநாடிக்கு 12 வில்விநாடி. தரையில் கணக்குப் பார்த்தால், நிலநடுக்கோட்டில் சுமார் 370 மீட்டர். கிரீன்விச் இருக்கும் அட்சரேகையில் சுமார் 230 மீட்டர். நாட்டின் நேரமும் கப்பல்களின் வழியும் இந்த அளவுகளை நம்பி இருந்தன. மாஸ்கலின் பதறியதில் நியாயம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பேர் அளந்த நேரம் ஒத்துப்போகவில்லை. இருவரில் ஒருவர் தவறு என்று முடிவு செய்தாயிற்று. எந்த ஒருவர்? உதவியாளர்தான். மாஸ்கலினுடைய கண்ணும் காதும்தான் அளவுகோல். அந்த அளவுகோலையே அளந்து பார்க்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பெஸ்ஸல் கேட்ட கேள்வி

அது தோன்றியது பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் வானாய்வகத்தில் இருந்த ஃப்ரெட்ரிக் பெஸ்ஸலுக்கு. 1816ல் கிரீன்விச் வானாய்வக வரலாறு ஒன்று ஜெர்மன் சஞ்சிகையில் வந்தது. அதில் கின்னிப்ரூக் விஷயமும் இருந்தது. மற்றவர்கள் ஒரு சுவாரசியமான துணுக்காகப் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். பெஸ்ஸலுக்கு வேறு சந்தேகம். திருந்தவேண்டும் என்று தெரிந்தும், வேலை போகும் என்று தெரிந்தும் ஒருத்தர் ஐந்து மாதம் அதே பிழையைச் செய்வாரா? அது பிழைதானா?

சோதித்துப் பார்த்தார். சோதனை மிக எளிது. அனுபவம் உள்ள இன்னொரு வானியலாளரோடு சேர்ந்து அதே நட்சத்திரங்களை அதே கருவியில் மாறி மாறிப் பார்த்து, குறித்த நேரங்களை ஒப்பிடுவது. வால்பெக் என்பவரோடு ஒப்பிட்டபோது சராசரி வித்தியாசம் 1.041 விநாடி. ஆர்கெலாண்டரோடு ஒப்பிட்டபோது 1.223 விநாடி. இரண்டு தடவையும் பெஸ்ஸல்தான் முந்திக் குறித்தார்.

கின்னிப்ரூக்குக்கு வேலை போனது 0.8க்கு. இங்கே ஐரோப்பாவின் தேர்ந்த வானியலாளர்களுக்கு நடுவே ஒரு முழு விநாடிக்கு மேல் வித்தியாசம்! யாரையும் யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. 1823ல் பெஸ்ஸல் இதை வெளியிட்டார். பின்னால் வந்தவர்கள் இதற்குத் 'தனிநபர் சமன்பாடு' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு திருத்த எண் உண்டு, அதைக் கூட்டிக் கழித்துக்கொள் என்பதே அதன் சாரம். கின்னிப்ரூக் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1802லேயே, முப்பது வயது வாக்கில், இறந்துபோனார்.

இதே வருஷங்களில் நம்ம சென்னையிலும் ஒரு கண்-காது சோதனை நடந்துகொண்டிருந்தது. சென்னை வானாய்வகத்தின் தலைவர் ஜான் கோல்டிங்ஹாம் 1820, 1821ல் ஒலியின் வேகத்தை அளந்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடுவார்கள். வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வந்து சேரும்வரை எத்தனை விநாடி என்று எண்ணுவார்கள். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்கள். கண்ணால் பார்த்துத் தொடங்கி, காதால் கேட்டு முடிக்கிற அளவு இது. பொதுவாக வெளிச்சத்துக்குக் காட்டும் எதிர்வினையைவிடச் சத்தத்துக்குக் காட்டும் எதிர்வினை விநாடியின் நூறில் மூன்று, நாலு பங்கு வேகமானது என்பது பிற்காலச் சோதனைகளில்தான் தெரிந்தது. பல விநாடி நீளும் பீரங்கிச் சத்தத்துக்கு இது பொருட்டில்லை. நட்சத்திரத்துக்கு ஆகாது.

ஊசலும் ஸ்கேலும்

பெஸ்ஸல் ஒரு விளக்கமும் தந்தார். கண்ணுக்கு வருவதையும் காதுக்கு வருவதையும் மனம் ஒரே கணத்தில் ஒப்பிட முடியாது. ஒருவர் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பார்க்கிறார், இன்னொருவர் பார்த்துவிட்டுக் கேட்கிறார். வித்தியாசம் அங்கே பிறக்கிறது. கருவியில் இருந்த பிரச்சினை இப்படி மனசுக்குள் வந்து சேர்ந்தது.

1861 வாக்கில் வில்லெல்ம் வுண்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இதை வீட்டிலேயே செய்து பார்த்தார். ஒரு கடிகார ஊசல், பின்னால் அளவு குறித்த வளைவு, ஊசல் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது தட்டப்படும் ஒரு மணி. மணி அடித்தபோது ஊசல் எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும். எவ்வளவு முயன்றாலும் சரியான இடத்தைச் சொல்ல முடியவில்லை. மணிக்கும் ஊசலுக்கும் நடுவே சுமார் 1/8 விநாடி நழுவியது. கவனம் எதில் இருக்கிறதோ அது முந்திவிடுகிறது. இதே வுண்ட்தான் 1879ல் லைப்சிக்கில் உளவியலுக்கென்று ஆய்வகம் தொடங்கியவர்.

நடுவில் இன்னொரு பெரிய சுவர் இடிந்திருந்தது. நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் பெரிய பெரிய உடலியலாளர்கள் நினைத்திருந்தார்கள். 1850ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலின் நரம்பில் அளந்துகாட்டினார். விநாடிக்கு வெறும் 30 மீட்டர் அளவுதான். நம்ம ஊர் ரயில் வேகம். பார்ப்பதற்கும் உணர்வதற்கும் நேரம் ஆகிறது, அந்த நேரத்தை அளக்கலாம் என்பது உறுதியானது.

1868ல் நெதர்லாந்தின் டாண்டர்ஸ் ஒரு படி மேலே போனார். எந்தக் காலில் லேசான மின்னதிர்வு வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் கை எவ்வளவு சீக்கிரம் அசைகிறது? எந்தக் கால் என்று தெரியாமல், வந்தபின் முடிவு செய்து அந்தப் பக்கக் கையை அசைக்கவேண்டும் என்றால்? இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1/15 விநாடி. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் 'தீர்மானிக்க' ஆன நேரம் கிடைக்கிறது. கழித்தல் கணக்குதான், ஆனால் யோசனையின் நேரத்தை அளந்த கணக்கு.

இதை நீங்களும் செய்யலாம். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று போதும். ஒருவர் ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். நீங்கள் கீழே சுழியத்துக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்கவேண்டும். 10 செ.மீ.யில் பிடித்தால் 0.14 விநாடி. 15ல் பிடித்தால் சுமார் 0.17. 20ல் 0.20. வீட்டில் பசங்களோடு இதைச் செய்தபோது எல்லோருக்கும் ஒரே ஆர்வம்தான், யார் முதல் என்பது. அதைவிட சுவாரசியம் அடுத்த படியில் இருக்கிறது. இரண்டு கைக்கும் இரண்டு ஸ்கேல் வையுங்கள். எது விழும் என்று சொல்லாதீர்கள், விழுகிற பக்கத்துக் கை மட்டும்தான் மூடவேண்டும். பிடிபடும் இடம் கீழிறங்கி, சில சமயம் ஸ்கேலே கை நழுவித் தரைக்குப் போய்விடும். டாண்டர்ஸ் அளந்தது அந்த வித்தியாசத்தைத்தான்.

இன்னொரு சோதனைக்கு ஸ்கேல்கூட வேண்டாம். பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1871ல் செய்தது. ஒரு பெட்டியை நோக்கிக் கறுப்பு மொச்சைகளை அள்ளி வீசுவார். விழுந்ததும், எண்ணாமல், ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்வார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை, தனியாளாக. மூன்று, நான்கு விழுந்தபோது ஒரு தரம்கூடப் பிழை இல்லை. ஐந்தில் பிழை தலைகாட்டியது. எண்ணிக்கை ஏற ஏற பிழையும் ஏறியது. நாலு புளியங்கொட்டை போதும், நம் கண் ஒரே மூச்சில் அள்ளக்கூடியதன் விளிம்பைத் தொட்டுவிடலாம்.

அரை மணிக்கு மேல் தாங்காது

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது போரில் உயிர்ப் பிரச்சினையாக மாறியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்கள் ரேடார் திரையை வைத்துக்கொண்டு கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடின. மணிக்கணக்காக ஒன்றும் வராத திரை. எப்போதாவது ஒரு சின்னப் புள்ளி. அதைத் தவறவிட்டால் ஒரு கப்பலே போய்விடலாம். தவறவிட்டுக்கொண்டும் இருந்தார்கள். சோம்பேறிகளா?

கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெள்ளை முகம், ஒரே முள். விநாடிக்கு ஒரு தரம் முள் ஒரு படி நகரும். எப்போதாவது இரண்டு படி தாண்டும். தாண்டினால் பொத்தானை அழுத்தவேண்டும். இப்படி இரண்டு மணி நேரம். முதல் அரை மணியிலேயே சுமார் 15 சதவீதம் தவறின. அதற்கடுத்த அரை மணியில் அது கால் பங்காக ஏறி, கடைசிவரை அதற்குக் கீழே இறங்கவேயில்லை. 1948ல் வெளியான இந்த முடிவு சொன்னது எளியது. ஆள் நல்லவரா கெட்டவரா என்பதில்லை விஷயம். அரை மணிக்கு ஒரு தரம் ஆளை மாற்று.

1953ல் காலின் செர்ரி காதுப் பக்கம் போனார். ஹெட்போனில் இரண்டு காதிலும் இரண்டு வேறு பேச்சு. ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். முடிந்ததும் மறு காதில் என்ன வந்தது என்று கேட்டால், ஆண் குரலா பெண் குரலா என்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. நடுவில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து ஆள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் இருநூறு பேர் பேசுவது வெறும் இரைச்சலாகிவிடுகிறதே, அதுதான். ஆனால் அந்த இரைச்சலில் உங்கள் பெயர் வந்தால் சட்டென்று திரும்புவீர்கள், இல்லையா? 1959ல் நெவில் மோரே அதையும் சோதித்தார். கவனிக்காத காதில் சொன்ன தம் பெயரைச் சிலர் பிடித்தார்கள். எல்லோரும் இல்லை, மூன்றில் ஒருவர்தான்.

கொரில்லா

1999ல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டபர் சாப்ரிஸும் செய்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை தரம் பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்வார்கள். நடுவே கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து, நின்று, மார்பில் தட்டிவிட்டுப் போவார். ஏறத்தாழப் பாதிப் பேர் அதைப் பார்க்கவேயில்லை. சொன்னால் நம்பவும் மாட்டார்கள், வேறு வீடியோவைப் போட்டுக் காட்டுகிறீர்கள் என்பார்கள்.

அது விளையாட்டு, நிபுணர்கள் இப்படி ஏமாற மாட்டார்கள் என்று தோன்றும். 2013ல் வெளியான ஆய்வு ஒன்றில் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன்களைக் கொடுத்து, புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள், வழக்கமான கட்டியைப்போல 48 மடங்கு பெரியது. 20 பேர் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்று பதிவு செய்த கருவி சொன்னது இன்னும் ஆச்சரியம். தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் கண் கொரில்லா மேலேயே நின்று போயிருந்தது. கண் பார்த்தது, அவர் பார்க்கவில்லை.

கடைசியாக, நீதிமன்றம்வரை போன கதை. 1995 ஜனவரியில் பாஸ்டன் நகரத்தில் போலீஸ் துரத்தல். சாதாரண உடையில் இருந்த கறுப்பினக் காவலர் மைக்கேல் காக்ஸைக் குற்றவாளி என்று நினைத்து சக போலீஸாரே அடித்து நொறுக்கினார்கள். அதே இடத்தைத் தாண்டி உண்மையான சந்தேக நபரைத் துரத்திக்கொண்டு ஓடினவர் கென்னத் கான்லி. அடிதடியை நான் பார்க்கவில்லை என்றார். கண்ணெதிரே நடந்ததைப் பார்க்கவில்லையா, பொய் என்றது ஜூரி. 34 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். பின்னால் மேல்முறையீட்டில், அரசுத் தரப்பு ஒரு சான்றை மறைத்தது என்ற காரணத்தால் தீர்ப்பு ரத்தானது.

சைமன்ஸும் சாப்ரிஸும் இதையே சோதனையாக்கி 2011ல் வெளியிட்டார்கள். ஒருவர் பின்னால் ஓடவேண்டும், அவர் தலையைத் தொடும் தடவைகளை எண்ணவேண்டும். வழியில் மூன்று பேர் அடிதடிபோல நடிப்பார்கள். இரவில் கவனித்தவர்கள் 35 சதவீதம். பட்டப்பகலில்கூட 56 தான்.

இங்கே நிதானம் வேண்டும். கான்லி உண்மை சொன்னார் என்று இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியது என்பதை மட்டும் காட்டுகிறது. காக்ஸை அடித்ததற்காகக் குற்றவியல் வழக்கில் யாருமே தண்டிக்கப்படவில்லை. போலீஸார் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளும் வழக்கமும் உலகம் அறிந்தது. 'கவனிக்கவில்லை' என்பது எல்லாருக்கும் கிடைக்கும் ஒரு வசதியான ஒளிவிடமாகவும் ஆகிவிடலாம். அறிவியல் தருவது சாத்தியத்தை. ஒரு குறிப்பிட்ட ஆள் மேல் தீர்ப்பு எழுதச் சான்று வேறு வேண்டும். 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் ஊரில் சொல்வதை நான் இப்போது கொஞ்சம் வேறு மாதிரிப் படிக்கிறேன். தீர விசாரிப்பதில், பார்த்தவருடைய கண்ணையும் காதையும் விசாரிப்பதும் அடங்கும்.

நம் பத்திரிகைகளில் விபத்துச் செய்தி வந்தால் இரண்டாவது வரியில் 'கவனக்குறைவு' வந்துவிடும். ஓட்டுநரின் கவனக்குறைவு, செவிலியரின் கவனக்குறைவு, சிக்னல்காரரின் கவனக்குறைவு. அதற்கப்புறம் சஸ்பெண்ட், கதை முடிந்தது. உண்மையிலேயே அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். அந்த ஆள் எத்தனை மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்? அந்த நேரத்தில் வேறு எதைக் கவனிக்கச் சொல்லியிருந்தோம்? அவர் இடத்தில் நல்ல ஆட்கள் பத்துப் பேரை வைத்தால் எத்தனை பேர் தவறவிடுவார்கள்?

வானியலாளர்கள் கடைசியில் ஆளைத் திருத்த முயல்வதை விட்டுவிட்டு வேலையைத் திருத்தினார்கள். 1850களில், காதால் எண்ணுவதற்குப் பதில் ஒரு சாவியைத் தட்டினால் ஓடும் தாளில் நேரம் பதிவாகும் முறை கிரீன்விச்சுக்கும் வந்தது. ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் சுருங்கியது. மிச்சத்தைச் சுருக்க, நட்சத்திரத்தோடு கூடவே கம்பியையும் நகர்த்தும் கருவி அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அந்தச் சாவி அறுபது வருஷம் முன்பு வந்திருந்தால் கின்னிப்ரூக்கும் ஒருவேளை கிரீன்விச்சில் தொடர்ந்து வேலை பார்த்திருக்கலாம்.